நடை மாறினால் நாயைக் கவனியுங்கள்

கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் பாய்ந்து வரும் நாய், இப்போது படுத்த இடத்திலிருந்தே வாலை ஆட்டுகிறது. மொட்டை மாடிவரை கூடவே வந்தது, முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. "வயசாயிடுச்சுல்ல" என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். ஆனால் வயது ஒரு நோயல்ல. இப்படிப்பட்ட மாற்றத்துக்குப் பின்னால் பெரும்பாலும் வலி இருக்கும். அதன் காரணத்தைக் கண்டுபிடித்தால் பல நேரங்களில் குறைக்கவும் முடியும்.

"கத்தவே இல்லையே, வலி இருக்காது" என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. முள் குத்தினால் கத்துகிற நாய், மாதக்கணக்கான மூட்டு வலிக்குக் கத்தாது. அந்தக் காலில் பாரம் போடாமல் சமாளித்துக்கொள்ளும். நொண்டுவதே வலி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே தெரியும் அறிகுறிகள்

தூங்கி எழும்போது விறைப்பாக நடந்து, நாலடி போன பிறகு சரியாவது மூட்டுத் தேய்மானத்தின் வழக்கமான அடையாளம். ஓடும்போது இரண்டு பின்னங்கால்களையும் ஒன்றாகச் சேர்த்து முயல்போலத் தாவினால் இடுப்பு மூட்டில் கோளாறு இருக்கலாம்.

முன்னங்காலில் வலி என்றால் தலையைப் பாருங்கள். வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் ஊன்றும்போது தாழும். பின்னங்காலில் வலி என்றால் இரண்டு தொடைகளையும் கையால் பிடித்துப் பாருங்கள். அதிகம் பயன்படுத்தாத காலில் சதை மெலிந்திருக்கும்.

நகங்களையும் கவனியுங்கள். நடுவிரல்களின் நகங்கள் மட்டும் மேற்பக்கம் தேய்ந்திருந்தால், நாய் காலை இழுத்து நடக்கிறது என்று பொருள். ஒரே மூட்டை ஓயாமல் நக்குவது, தொட்டால் உறுமுவது, மலம் கழிக்க உட்காரச் சிரமப்படுவது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை.

காரணம் எதுவாக இருக்கும்?

முதலில் பாதத்தைப் பாருங்கள். முள், கண்ணாடித் துண்டு, உடைந்த நகம், வெயிலில் தார்ச்சாலை சுட்ட புண், விரலிடுக்கில் உண்ணி என்று காரணம் அங்கேயே கிடைத்துவிடலாம்.

மற்றவை இனத்தையும் வயதையும் பொறுத்தவை. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத 'ஹிப் டிஸ்ப்ளேசியா' அதிகம். இது குட்டி வயதிலேயே தொடங்கும். பொமரேனியன் போன்ற சிறிய நாய்களில் முழங்கால் சில்லு இடம் விலகும். நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு காலைத் தூக்கி நாலைந்து அடி தாவிவிட்டு, பிறகு ஒன்றும் நடக்காததுபோல நடக்கும். நீள முதுகும் குட்டைக் காலும் கொண்ட டாஷ்ஹண்டுக்கு முதுகுத்தண்டின் டிஸ்க் பிதுங்கும் ஆபத்து உண்டு. பெரிய இன நாய் விடாமல் நொண்டி, எலும்பில் கெட்டியான வீக்கமும் இருந்தால், எலும்புப் புற்றுநோயா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் மறக்கவே கூடாதது உண்ணிக் காய்ச்சல். காய்ச்சல், சோர்வு, பசியின்மையோடு மூட்டு வீங்கி, இன்று ஒரு கால், நாளை வேறு கால் என்று நொண்டும் நாய்க்கு ரத்தப் பரிசோதனை அவசியம். தடுப்பூசி போடாத குட்டி, தசைத் துடிப்போடு தள்ளாடினால் 'டிஸ்டெம்பர்' என்ற வைரஸ் நோயாக இருக்கலாம்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

லேசாக நொண்டினால், ஓட விடாமல் ஓரிரு நாள் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். குறையவில்லையென்றால் டாக்டரிடம் போய்விடுங்கள். கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தால் அன்றே, இரவானாலும், மருத்துவ உதவி தேவை:

• பின்னங்கால்கள் திடீரென்று செயலிழப்பது
• பாதம் மடங்கி, மேற்புறம் தரையில் உரச நடப்பது
• சிறுநீர் கழிக்க முடியாமல் போவது
• காலைத் தரையில் வைக்கவே மறுப்பது, கால் கோணலாகத் தொங்குவது
• வண்டியில் அடிபட்டது அல்லது மாடியிலிருந்து விழுந்தது

முதுகில் அடிபட்ட நாயைக் கையில் வாரித் தூக்காதீர்கள். பலகையிலோ, நான்கு பக்கமும் இழுத்துப் பிடித்த போர்வையிலோ படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். வலியில் வளர்த்தவரையே கடித்துவிடும், எச்சரிக்கை தேவை.

நம் மாத்திரை நாய்க்கு ஆகாது

வீட்டில் இருக்கும் பாரசிட்டமால், நாயின் கல்லீரலையும் ரத்தச் சிவப்பணுக்களையும் பாதிக்கலாம். இப்யூபுரோஃபன், டைக்ளோஃபினாக் இரண்டும் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் உண்டாக்கக்கூடியவை. நாய்களுக்கென்றே தனி வலி மருந்துகள் உண்டு; எடையைப் பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டும் வலி மருந்தும் ஒன்றுசேர்ந்தால் குடலில் ரத்தக்கசிவுகூட ஏற்படலாம்.

டாக்டரிடம் போகும்போது

வீட்டில் நொண்டிய நாய், மருத்துவமனையின் புது வாசனையிலும் பதற்றத்திலும் நேராக நடந்துவிடும். அதனால் வீட்டில் நடப்பதை முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று கோணத்தில் செல்போனில் வீடியோ எடுத்துச் செல்லுங்கள். எப்போது தொடங்கியது, காலையில் அதிகமா, நடந்த பிறகு அதிகமா, என்ன சாப்பாடு, கடைசியாக உண்ணி மருந்து எப்போது என்பதைக் குறித்து வையுங்கள்.

டாக்டர் நடையைப் பார்த்து, ஒவ்வொரு மூட்டாக மடக்கி நீட்டிப் பார்ப்பார். பாதத்தை மடக்கி வைத்து, நாய் உடனே திருப்பிக்கொள்கிறதா என்று சோதிப்பது நரம்பின் நிலையை அறிய உதவும். எக்ஸ்ரேவுக்கு அசையாமல் படுக்க மயக்க ஊசி தேவைப்படலாம், பயப்பட வேண்டாம். சென்னையில் 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. முதல் கட்டமாகப் பக்கத்திலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டலாம்.

வீட்டில் என்ன மாற்றலாம்?

எடைதான் முதல் மருந்து. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, குட்டியிலிருந்து வாழ்நாள் முழுக்கக் கவனித்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஜோடி நாயைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் பிஸ்கட்டைக் குறையுங்கள்.

டைல்ஸ், கிரானைட் தரை வலிக்கும் காலுக்கு எதிரி. நாய் நடக்கும் வழியில் கயிற்று மிதியடியோ ரப்பர் விரிப்போ போடுங்கள். நகத்தையும் பாத இடுக்கு முடியையும் வெட்டிவிட்டால் வழுக்காது. ஒரே நீண்ட நடைக்குப் பதிலாக, ஒரு நாளில் இரண்டு மூன்று குறுநடைகள் போதும்.

குட்டிக்குப் பால்சாதமோ தனி இறைச்சியோ மட்டும் கொடுத்தால் எலும்பு வளையலாம். அதே சமயம், சரிவிகித நாய் உணவு சாப்பிடும் பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் டானிக்கைக் கூடுதலாக ஊற்றுவதும் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது எடையையும் நடையையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். ஏழு வயது தாண்டிய நாய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை நல்லது.