உறங்கும் கிருமிகளை முன்கூட்டியே அறிதல்

உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களுக்குக் கோரிமேடு ஜிப்மர் முதலிய மருத்துவமனைகளில் தரப்படும் எதிர்ப்பாற்றல் குறைப்பு மருந்துகள், நோயைத் தணிக்கும்போதே, ஆண்டுக்கணக்கில் அறிகுறியின்றி உறங்கும் காசநோய்க் கிருமியையும் எழுப்பிவிடக்கூடும். ஆகவே சிகிச்சைக்கு முன் மார்பு எக்ஸ்ரேயுடன் மான்டூ சோதனையும் செய்யப்படுவதுண்டு: முன்கைத் தோலுக்குள் டியூபர்குலின் என்னும் காசநோய்க் கிருமிப் புரதத்தைச் செலுத்தி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள், சிவந்த இடத்தை விட்டு, தடித்த பகுதியை மட்டும் அளக்கிறார்கள்; எதிர்ப்பாற்றல் குறைந்தோரிடம் 5 மி.மீ. தடிப்பே தொற்றின் அடையாளம். ஸ்டீராய்டு உட்கொள்வோரிடம் தடிப்பு எழாமலே போகலாம் என்பதால், மருந்து தொடங்குமுன் சோதிப்பதே நல்லது. ஹெபடைடிஸ் பி வைரசோ, ரிட்டுக்சிமாப் என்னும் எதிர்ப்பாற்றல் குறைப்பு மருந்தை நிறுத்திய பல மாதங்களுக்குப் பின்னும் தலைதூக்கும்; அதனால் இரத்தப் பரிசோதனை சிகிச்சையின் இடையிலும் அது முடிந்த பின்னும் தொடர வேண்டும். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்போரின் தோல்வழி நுழையும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு, குடலில் பல்லாண்டு தங்கி, ஸ்டீராய்டு தொடங்கியபின் பெருகி உயிரையே பறிக்கக்கூடும். முன்பே கண்டறிந்தால் ஐவர்மெக்டின் மாத்திரையே பெரும்பாலும் போதும்.