அரை மில்லிமீட்டர் ஜந்து. அரை நூற்றாண்டு உழைப்பு

1866-ம் ஆண்டு. இங்கிலாந்தில் கெண்ட் பகுதியில் உள்ள ஒரு பெரிய பங்களா. அதன் காய்கறித் தோட்டத்தில் கனவான் ஒருவர் குனிந்து நின்று, மக்கிப்போன இலைகளைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் தோட்டக்காரர் அல்ல. லண்டனில் சொந்தமாகப் பாங்க் நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்த முதலாளி. பெயர் சர் ஜான் லப்பக்.

பாங்க் குமாஸ்தாக்கள் மறக்கக் கூடாத பெயர் இது. பின்னாளில் பாராளுமன்ற உறுப்பினரான லப்பக், 1871-ம் ஆண்டில் 'பாங்க் விடுமுறைச் சட்டம்' நிறைவேறக் காரணமாக இருந்தார். அதன்படி இங்கிலாந்தில் ஆண்டுக்கு நான்கு திங்கள், பண்டிகை நாட்கள் புதிய விடுமுறைகளாகக் கிடைத்தன. ஆகஸ்டு மாத விடுமுறைக்கு மக்கள் வேடிக்கையாக 'செயிண்ட் லப்பக் தினம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

தமது ஓய்வு நேரத்தை அவர் பூச்சிகளுக்கே கொடுத்தார். பக்கத்துக் கிராமத்தில் குடியிருந்தவர் சார்லஸ் டார்வின். சிறு வயதிலேயே அவரிடம் பழகியதால் வந்த பழக்கம் இது. அன்று தோட்டத்து மக்கில் கிடைத்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த லப்பக் வியந்து போனார். ஒரு கடுகுக்கு மேல் நீளமில்லாத ஒரு வெள்ளை ஜந்து. கண் கிடையாது. தலையில் கவட்டை போலப் பிரிந்த உணர்கொம்புகள். ஒன்பது ஜோடிக் கால்கள். பூரான் வகையும் அல்ல, மரவட்டை வகையும் அல்ல. அதுவரை எந்த ஏட்டிலும் ஏறாத ஒரு புதிய பிரிவு!

அதற்கு 'பாரோபஸ்' என்று பெயரிட்டார். 'சிறுகாலி' என்று பொருள் கொள்ளலாம். நண்பரான விஞ்ஞானி ஹக்ஸ்லியின் பெயரையும் அதனுடன் சேர்த்தார். ஒரு பாங்க் முதலாளியின் காய்கறித் தோட்டத்தில் தொடங்கிய இந்தக் கதை, இன்று பூமியின் தென்கோடியில் உள்ள குளிர் மழைக்காடுகள் வரை நீண்டிருக்கிறது.

நான்கு சகோதரர்கள்

மழைக்காலத்தில் குளியலறைச் சுவரோரம் ஓடும் பூரானும், தொட்டால் சுருளும் மரவட்டையும் நாம் எல்லோரும் அறிந்தவை. இவை 'பலகால் ஜந்துக்கள்' என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் மொத்தம் நான்கு பிரிவுகள். மற்ற இரண்டை நாம் கண்டிருக்கவே மாட்டோம். ஏனெனில் அவை மண்ணுக்குள்ளேயே பிறந்து மண்ணுக்குள்ளேயே மடிகின்றன.

ஒன்று, லப்பக் கண்ட பாரோபோடா. நீளம் அரை மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை. மற்றொன்று சிம்பிலா. பன்னிரண்டு ஜோடிக் கால்கள் உள்ளது, சற்றுப் பெரியது. அதற்கும் கண் இல்லை, நிறமும் இல்லை.

உதிர்ந்த இலை உரமாக மாறும் வேலையில், பூசணமும் புழுக்களும் பலகால் ஜந்துக்களும் கூட்டாக உழைக்கின்றன. பாரோபாடுகளில் பல, மண்ணிலுள்ள பூசண இழைகளை உறிஞ்சி வாழ்கின்றன. சிம்பிலாக்களில் சில, பயிரின் இளவேரைக் கடிப்பதால் விவசாயிக்கு விரோதியாகவும் ஆகின்றன. எந்த இனம் நல்லது, எந்த இனம் கெட்டது என்று சொல்ல வேண்டுமானால், முதலில் எது எந்த இனம் என்று தெரிய வேண்டும் அல்லவா? பெயரிடும் வேலையின் முக்கியத்துவம் அங்கேதான் தொடங்குகிறது.

குளிரும் மழைக்காடு

மழைக்காடு என்றதும் மேற்குத் தொடர்ச்சி மலையோ அஸ்ஸாமோ நினைவுக்கு வரும். ஆனால் குளிர் நாடுகளிலும் மழைக்காடுகள் உண்டு. சிலி, நியூஜிலாந்து, ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவு ஆகியவை அத்தகைய இடங்கள்.

டாஸ்மேனியா ஏறத்தாழ இலங்கை அளவுள்ள தீவு. அதன் மேற்குப் பகுதியில் சில இடங்களில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. குளிர்காலத்தில் மலைகளில் பனி விழும். காட்டுக்குள் சென்றால் மிர்ட்டில் பீச் என்னும் மரங்கள் நூற்றாண்டுகளாக நிற்கின்றன. அடிமரம் தெரியாதபடி பாசி. விழுந்த மரம் மக்குவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அந்த ஈரத்துக்குள்தான் நமது கண்ணில்லா ஜந்துக்களின் ராஜ்யம்.

மிர்ட்டில் பீச் மரத்தின் நெருங்கிய உறவு மரங்கள், பல ஆயிரம் மைல் கடலுக்கு அப்பால் சிலியில் நிற்கின்றன. காரணம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, தென் துருவக் கண்டம் ஆகியவை ஒட்டியிருந்த ஒரே நிலப்பரப்பு. அதற்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் கோண்டுவானா. நமது மத்திய இந்தியாவில் கோண்ட் பழங்குடி மக்கள் வாழும் பகுதியின் பெயர்தான் அது! அங்குள்ள பாறைகளை ஆராய்ந்தபோது வந்த பெயர், உலகத்தின் பாதிக்கு நிலைத்துவிட்டது.

காட்டிலிருந்து கண்ணாடித் தகட்டுக்கு

அரை மில்லிமீட்டர் ஜந்துவைக் காட்டில் எப்படிப் பிடிப்பது? கையால் முடியாது. இதற்கென ஓர் எளிய சாதனம் இருக்கிறது. இத்தாலியரான பெர்லீஸ் அமைத்த புனலை, ஸ்வீடன் நாட்டுத் துல்கிரன் மின்விளக்கு வைத்துத் திருத்தினார். காட்டிலிருந்து ஒரு பை நிறைய இலைமக்கைக் கொண்டுவந்து, புனலின் மேல் உள்ள சல்லடையில் கொட்டுகிறார்கள். மேலே விளக்கு எரிகிறது. மேல் மக்கு சூடேறிக் காயத் தொடங்கியதும், ஈரம் தேடும் ஜந்துக்கள் கீழே, கீழே என்று இறங்குகின்றன. கடைசியில் புனலின் வாய் வழியாகச் சாராயம் நிரம்பிய குப்பியில் விழுகின்றன. பல நாட்கள் விளக்கு எரிந்தால், ஒரு குப்பியில் சில பாரோபாடுகள் தேறும்.

அதன்பின் பொறுமைக்குச் சோதனை. மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றையும் பிரித்தெடுத்து, அமிலத்தில் ஊறவைத்து உடலைத் தெளிவாக்கி, கண்ணாடித் தகட்டில் பதிக்க வேண்டும். பிறகு மைக்ராஸ்கோப்பில் கால்களை எண்ண வேண்டும். முட்டையிலிருந்து வரும்போது மூன்று ஜோடிக் கால்கள்தான். தோல் உரிக்க உரிக்க ஐந்து, ஆறு, எட்டு என்று வளர்ந்து, முதிர்ந்தபின் ஒன்பது ஜோடி ஆகும். முதிராத குட்டி கிடைத்தால் பெரும்பாலும் இனத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. மறுபடியும் காத்திருக்க வேண்டியதுதான்.

முதிர்ந்தது கிடைத்தால், முதுகில் உள்ள மயிர்களை ஒவ்வொன்றாக எண்ணி அளக்கிறார்கள். எது நீளம், எது குட்டை, எதன் நுனி தடிப்பு என்று பார்க்கிறார்கள். உடலின் கடைசியில் ஒரு சிறு தகடு உண்டு. ஒவ்வோர் இனத்துக்கும் அதன் வடிவம் ஒவ்வொரு விதம். மனிதனுக்குக் கைரேகை போல என்று வைத்துக்கொள்ளலாம். இவை அனைத்தையும் படமாக வரைய வேண்டும்.

அதோடு முடியவில்லை. 1902-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்சன் எழுதியது முதல், பிரெஞ்சுக்காரர் ரெமி எழுதியவை வரை, பழைய வர்ணனைகளை எல்லாம் புரட்டி ஒப்பிட வேண்டும். எதனோடும் பொருந்தவில்லை என்றால்தான் 'இது புதிய இனம்' என்று எழுதலாம். இரண்டு சொல் கொண்ட லத்தீன் பெயர் சூட்டி, வர்ணனையை அச்சிட்டு, எந்த ஜந்துவை வைத்துப் பெயர் சூட்டப்பட்டதோ அதே ஜந்துவை ஒரு மியூசியத்தில் ஒப்படைக்க வேண்டும். நூறாண்டு கழித்து ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலும், அந்தக் கண்ணாடித் தகட்டை எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். சொத்துக்கு மூலப்பத்திரம் எப்படியோ, இனத்துக்கு அந்தத் தகடு அப்படி!

ஸ்வீடனிலிருந்து ஒருவர்

உலகில் இதுவரை பெயர் பெற்ற பாரோபாடு இனங்கள் 800-க்கும் மேல். அவற்றில் நூற்றுக்கணக்கானவற்றுக்குப் பெயரிட்டவர் ஒரே மனிதர். ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் ஷெல்லர்.

1950-களில் எழுதத் தொடங்கிய ஷெல்லர், 2010-க்குப் பிறகும் எழுதினார். பல நாட்டு மியூசியங்களில் பிரிக்கப்படாமல் கிடந்த குப்பிகள் தபாலில் அவரிடம் போய்ச் சேர்ந்தன. 1970-ல் இலங்கையின் பாரோபாடுகளை வர்ணித்து வெளியிட்டார். அடுத்த ஆண்டு இலங்கை, தென்னிந்தியத் தீபகற்பம் ஆகியவற்றின் சிம்பிலாக்களைப் பற்றி எழுதினார். நம் ஊர் மண்ணுக்கடியில் இருப்பவர்கள் யார் என்பதை, ஸ்வீடனில் ஒருவர் மயிர் மயிராக எண்ணிச் சொல்லியிருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது. 2009-ல் டாஸ்மேனியாவின் புதிய பாரோபாடு இனங்களும் அவர் கையால் பெயர் பெற்றன.

டாஸ்மேனியாவிலேயே இன்னொருவர், ராபர்ட் மெசிபோவ். அவர் எடுத்துக்கொண்டது மரவட்டைகள். ஆண்டுக்கணக்காகக் காடுகளில் நடந்து, மரக்கட்டைகளைப் புரட்டி, நூற்றுக்கும் மேற்பட்ட மரவட்டை இனங்களுக்குப் பெயரிட்டவர் அவர். அவருடைய ஆராய்ச்சியில் தெரிந்த ஒரு முக்கியமான உண்மை உண்டு. பல இனங்கள் தீவு முழுவதும் பரவியவை அல்ல. மிகச் சிறிய பரப்பில் மட்டும் வாழ்பவை. ஓர் இனத்தின் எல்லை முடியும் இடத்தில், அதன் உறவான வேறோர் இனம் தொடங்குவதும் உண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே காடு. மரவட்டைக்கு அது இரண்டு நாடு.

அப்படியானால் ஒரு சிறு காட்டுத் துண்டை வெட்டிச் சாய்த்தால், சில மரங்கள் மட்டும் போவதில்லை. உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இனமே போய்விடக்கூடும்.

பெயர் வருமுன் போன புழு

இது வெறும் பயம் அல்ல. டாஸ்மேனியாவின் தென்மேற்கில் பெடர் ஏரி என்று ஓர் அழகிய ஏரி இருந்தது. வெண்மணல் கரை கொண்டது. 1971-ல் அந்தக் கரையில் ஒரே ஒரு மண்புழு சேகரிக்கப்பட்டது. 1972-ல் நீர்மின் திட்டத்துக்காக அணைகள் எழும்பின. பெருத்த எதிர்ப்பையும் மீறி, பழைய ஏரி பல மடங்கு பெரிய நீர்த்தேக்கத்துக்கு அடியில் மூழ்கிவிட்டது. அந்தப் புழு ஒரு புதிய இனம் என்று ஆராய்ந்து பெயர் சூட்டப்பட்டது 1974-ல். பெயர் வந்தபோது ஊர் இல்லை!

அதன்பின் தேடியும் இரண்டாவது புழு கிடைக்கவில்லை. உலகப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அது இன்று 'அற்றுப்போன இனம்'. அந்தப் புழு பலகால் ஜந்து அல்ல என்பது உண்மைதான். ஆனால் அதே மண்ணில், அதே ஈரத்தில் வாழும் பாரோபாடுகளில் எத்தனை அப்படி மூழ்கினவோ, யாரும் கணக்கு எழுதவில்லை. எழுதுவதற்கு அவற்றுக்குப் பெயரே இல்லையே!

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ரேஷன் கார்டில் பெயர் ஏறும் வரை அரிசியும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத தெருவுக்குக் குழாய் வருவதில்லை. ஆள் இருக்கிறான்; ஆனால் ஏட்டில் இல்லை. சட்டம் காப்பதும் ஏட்டில் உள்ளவர்களைத்தான். காட்டைக் காக்கும் சட்டங்களும் அவ்வாறே, பட்டியலில் உள்ள இனங்களைப் பார்த்துத்தான் செயல்படுகின்றன.

டாஸ்மேனியாவின் பெரும் காட்டுப்பகுதி 1982-ல் உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள மரங்களுக்கும் பறவைகளுக்கும் மிருகங்களுக்கும் பட்டியல் உண்டு. காலடியில் மிதிபடும் இலைமக்குக்குப் பட்டியல் இன்னும் முடியவில்லை. பாரோபாடுகளை இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் உலகில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. இந்த வித்தையைக் கற்க ஆண்டுகள் பிடிக்கும். கற்றாலும் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைப்பவர்கள் குறைவு. லப்பக் காலத்தைப் போலவே, இன்றும் இதில் பாதி ஓய்வு நேர உழைப்புத்தான்.

மியூசியங்களின் அலமாரிகளில் சிறு சிறு குப்பிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு காகிதச் சீட்டு. எந்தக் காடு, எந்தத் தேதி, எடுத்தவர் யார் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். உள்ளே இருப்பவரின் பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும், யாராவது ஒருவர் வந்து மைக்ராஸ்கோப்பின் முன் உட்காரும் வரை, காலியாகவே இருக்கும்.