பிளேஸ் துரை பயந்த இரவு

தாம்பரத்திலிருந்து திண்டிவனம் சாலையில் போனால், செங்கல்பட்டைத் தாண்டி மதுராந்தகம். அங்கே ஏரி காத்த ராமர் கோயிலின் ஜனகவல்லித் தாயார் சன்னதியில் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டரின் பெயர் கல்லில் இருக்கிறது: லயனல் பிளேஸ். 1794 முதல் 1798 வரை கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) ஜாகீரை, அதாவது தாம்பரத்தையும் உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டுச் சீமையை, நிர்வாகம் செய்தவர்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். அடைமழை. ஏரி உடையப் போகிறது. கரையைப் பார்க்க இரவில் போன துரையின் கண்ணில், வில்லும் அம்புமாகக் காவல் நிற்கும் இரண்டு இளைஞர்கள் படுகிறார்கள். விடிந்து பார்த்தால் கரை நிற்கிறது. நன்றிக்கடனாகத் தாயார் சன்னதித் திருப்பணி. நம்புவது அவரவர் விருப்பம். துரை எதற்குப் பயந்தார் என்பதுதான் நம் கேள்வி.

ஏரி பெரிது, அதனால் கரைமேல் அழுத்தமும் பெரிது என்று நினைப்போம். அது தப்பு. நீர் அழுத்தத்துக்கு ஏரியின் பரப்பு ஒரு பொருட்டே இல்லை, ஆழம் மட்டுமே கணக்கு. மதுராந்தகம் ஏரியின் முழு உயரம் 23.3 அடி. அவ்வளவு ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் சுமார் 7 டன் அழுத்துகிறது, ஒரு யானையின் எடையைவிட அதிகம். அதே ஆழமுள்ள கிணற்றின் அடியிலும் இதே 7 டன்தான்! ஏரிக்கரை அடியில் அகன்று மேலே குறுகுவது இதனாலும்தான்.

ஆனால் மண்கரை பெரும்பாலும் அழுத்தத்தால் சரிவதில்லை. நண்டு வளை, எலி வளை வழியாகக் கசியும் நீர் மண்ணை அரித்துக்கொண்டு போகும். அல்லது நீர் கரைமேல் வழியும். விரற்கடை அளவு வழிந்தாலும் போதும், ஓடும் நீர் மண்ணை அறுத்து உடைப்பை நிமிடத்துக்கு நிமிடம் பெரிதாக்கிவிடும். அதற்காகத்தான் கலங்கல். கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டிய வழி அது. கலங்கல்மேல் நீர்மட்டம் இரண்டு மடங்கானால் வெளியேறும் நீர் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறக்குறைய 2.8 மடங்கு ஆகிறது. வெள்ளம் ஏற ஏற வாசலும் தானே அகலமாவது போல. கலங்கல் நீளமாக இருந்தால் மட்டம் கொஞ்சம் ஏறினாலே வெள்ளம் வடிந்துவிடும். அந்த இரவு கரை தப்பியதில் இந்தக் கல்வரிசைக்கும் பங்கு இருந்திருக்கும்.

1780-ல் ஹைதர் அலியின் படை புகுந்து சீமையே பாழான பிறகு வந்தவர் பிளேஸ். ஏரிகளைச் செப்பனிட்டார். கோயில் காரியங்களில் அக்கறை காட்டினார். வரியிலோ கறார், பூந்தமல்லி மிராசுதாரர்களோடு மோதியவர். அவரைச் சீர்திருத்தக்காரர் என்று சொல்லலாம், கொஞ்சம் யோசித்துவிட்டு. ஏனென்றால், அவர் வருவதற்கு முன்பே ஏரியைக் காக்க ஊரில் ஓர் ஏற்பாடு இருந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் இந்தச் சீமையின் சுமார் 2,000 கிராமங்களை அளந்தார். அப்போது சேர்ந்த ஓலைக் கணக்குகளில் அது தெரிகிறது. களத்து நெல்லை அரசுக்கும் குடிக்கும் பிரிக்கும் முன்பே கணக்குப்பிள்ளை, தச்சர், கொல்லர், வெட்டியான், கோயில் என்று ஒவ்வொருவருக்கும் பங்கு அளந்து விடுவார்கள். அதில் ஏரிக்கும் ஒரு பங்கு! மதகும் கரையும் பழுதானால் செலவுக்கு மேலிடத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பிற்பாடு கும்பினி வருவாயை ஒரே பெட்டியில் சேர்த்தபோது இந்தப் பங்குகள் தேய்ந்தன. கரையைத் துரை செப்பனிட்டார், கரையின் நெல்லை அவருடைய கும்பினி கரைத்தது.

தாம்பரத்துக்குத் திரும்புவோம். இங்கே ஏரிகள் தனித்தனியாக இல்லை, சங்கிலியாக இருக்கின்றன. ஒன்றின் கலங்கல் அடுத்ததன் வரத்து. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் நீர் செம்பாக்கத்துக்கு, அங்கிருந்து நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு. மேற்கே ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் நிரம்பி வழிவதே அடையாற்றின் தொடக்கம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது அந்த ஆற்றின் வெள்ளம். பல இடங்களில் கலங்கலிலிருந்து இறங்கும் வாய்க்கால் இன்று ஒரு தெருவின் அகலத்துக்குச் சுருங்கியிருக்கிறது. அதன்மேல் வீட்டுக்கு வீடு ஒரு சிமெண்ட் பலகை, பைக் நிறுத்த.