கதவு அடைத்தாலும் சிநேகம் அடைபடாது!

டீக்கடை பெஞ்சு காலி. பஸ் இல்லை. ரெயில் இல்லை. கோயிலுக்குள் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. எல்லோரும் வீட்டுக்குள்ளே!

2020-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. கொரோனா நோய் பரவாமல் தடுக்க எடுத்த நடவடிக்கை அது. முதலில் 21 நாள் என்றார்கள். பிறகு மே 3 வரை என்றார்கள். பிறகு மே 17. பிறகு மே 31. கட்டுப்பாடுகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்ந்தன.

கன்னியாகுமரி மாவட்டம், தோவாளை வட்டத்தின் தலைமை ஊரான பூதப்பாண்டியும் அப்போது அடங்கிக் கிடந்தது. நாகர்கோவில் கூப்பிடு தூரம். ஆனால் போக முடியாது. பக்கத்துத் தெருவில் அண்ணாச்சி இருக்கிறார். ஆனால் பார்க்க முடியாது.

அரிசி இருந்தது. பருப்பு இருந்தது. பேச ஆள் இல்லை! அந்தக் குறையைத் தீர்த்தது எது? கையடக்கமான செல்போன்தான்.

மணி கட்டிய கோல்

வீட்டில் இருந்தபடி வெளியூர்ச் சிநேகிதருடன் பேசுவது நாஞ்சில் நாட்டுக்குப் புதிது அல்ல.

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதிதான் இந்தப் பகுதி தமிழ்நாட்டுடன் இணைந்தது. அதற்கு முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அந்தச் சமஸ்தானத்துக்குச் சொந்தத் தபால் இலாகா உண்டு. "அஞ்சல்" என்று அதற்குப் பெயர். அஞ்சல்காரர் மணி கட்டிய கோலுடன் ஓடி வருவார். மணிச் சத்தம் கேட்டால் வழி விட வேண்டும். யாருக்குக் கடிதம் என்று கேட்க ஊரே காத்திருக்கும். 1951-ம் ஆண்டு அது இந்தியத் தபால் இலாகாவுடன் சேர்ந்தது.

ஒரு கடிதம் என்னதான் செய்யும் என்று கேட்கிறீர்களா? பூதப்பாண்டியில் 1907-ம் ஆண்டு பிறந்தவர் ஜீவா என்னும் ப. ஜீவானந்தம். இளம் வயதில் செட்டிநாட்டைச் சேர்ந்த சிராவயலில் ஆசிரமம் நடத்தினார். காந்தியடிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1927-ம் ஆண்டு செட்டிநாடு வந்த காந்தி, எழுதியவரைத் தேடி சிராவயலுக்கே வந்து விட்டார்!

அன்று கடிதம் செய்த வேலையை இன்று செல்போன் செய்கிறது. ஆனால் நாள் கணக்கு இல்லை, நொடிக் கணக்கு.

முகம் எப்படி வருகிறது?

துபாயில் இருக்கும் மகன் பூதப்பாண்டியில் இருக்கும் அம்மாவிடம் "சாப்டாச்சாம்மா?" என்று கேட்கிறான். அவன் முகம் போனில் தெரிகிறது. எப்படி?

போனில் உள்ள காமிரா அவன் முகத்தைப் படம் பிடிக்கிறது. அந்தப் படமும் குரலும் எண்களாக மாறுகின்றன. எண்கள் சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து கோபுரத்துக்குப் போகின்றன. அங்கிருந்து, தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழை வழியாகக் கடலுக்கு அடியில் பாய்கின்றன. ஒளி வடிவில் போவதால் அவ்வளவு வேகம்! இங்கே அம்மாவின் போன் எல்லாத் துண்டுகளையும் வரிசைப்படுத்தி, மறுபடியும் முகமாகக் காட்டுகிறது. ஒரு சில துண்டுகள் வழியில் தாமதித்தால், படம் உறைந்து நிற்கிறது. பேச்சு விட்டு விட்டுக் கேட்கிறது.

ஊரடங்கின்போது இதற்கு ஏக கிராக்கி. 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் குழு அழைப்பை 4 பேரிலிருந்து 8 பேராக உயர்த்தியது. கல்யாணத்தைப் போனில் பார்த்தார்கள். ஆசி கூறினார்கள். துக்கத்தையும் போனில்தான் விசாரித்தார்கள்.

யாருக்குத் தேவை?

ஊரடங்கு போய் விட்டது. ஆனால் வீட்டோடு இருப்பவர்கள் போய் விடவில்லை.

முழங்கால் வலியால் படி இறங்க முடியாத பாட்டி இருக்கிறார். பக்கவாதத்தில் படுத்த தாத்தா இருக்கிறார். கைக்குழந்தையுடன் இளம் தாய் இருக்கிறாள். நோயாளியை விட்டு நகர முடியாத மகள் இருக்கிறாள். இவர்களுக்கு ஒவ்வொரு நாளும் ஊரடங்குதான்!

தனிமை வெறும் மனக்குறை அல்ல. உலகத்தில் 6 பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025-ம் ஆண்டு அறிவித்தது. இருதய நோய், பக்கவாதம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கும் தனிமைக்கும் தொடர்பு உண்டு என்றும் எச்சரித்தது.

என்ன செய்யலாம்?

நேரம் குறியுங்கள். "எப்போதாவது பேசலாம்" என்றால் எப்போதும் பேசுவது இல்லை. "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 5 மணி" என்று சொல்லுங்கள். வீட்டில் இருப்பவருக்கு, காத்திருக்க ஒரு நேரம் கிடைக்கும். அதுவே பாதி மருந்து.

"காலை வணக்கம்" பூப்படம் அனுப்பினால் கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். 100 படத்தை விட 5 நிமிடப் பேச்சு மேல்.

கூட்டம் சிறிதாக இருக்கட்டும். 50 பேர் குழுவில் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 4 பேர் குழுவில் நான்கு பேரும் பேசுவார்கள்.

சேர்ந்து ஏதாவது செய்யுங்கள். அவியலுக்குக் காய் நறுக்கியபடியே பேசலாம். கண் மங்கிய சிநேகிதருக்குப் பத்திரிகை படித்துக் காட்டலாம்.

திடீரென்று மௌனமானவரைக் கவனியுங்கள். தினமும் பேசியவர் இரண்டு நாள் பேசவில்லையா? உடனே விசாரியுங்கள்.

பெரியவர்களுக்குப் போனைப் பழக்கும்போது பொறுமை வேண்டும். பேரன் பிடுங்கி, தானே அழுத்திக் காட்டினால் பாட்டி கற்க மாட்டார். அவர் விரலே அழுத்த வேண்டும். தவறினால் சிரிக்கக் கூடாது.

உஷார்!

சிநேகம் வரும் வழியில் திருடனும் வருவான். "போலீஸ் பேசுகிறோம், உங்களை வீடியோவில் கைது செய்திருக்கிறோம்" என்று ஒருவன் மிரட்டுவான். நம்ப வேண்டாம். வீடியோவில் கைது செய்ய எந்தச் சட்டமும் இல்லை. வங்கியிலிருந்து வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

உதவிக்கும் எண்கள் உண்டு. மூத்த குடிமக்கள் 14567-க்குப் பேசலாம். மனம் மிகவும் சோர்ந்தவர்கள் 14416-க்குப் பேசலாம். வெட்கப்பட வேண்டியது இல்லை.

போனுக்கும் எல்லை உண்டு

2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியது. மரங்கள் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தன. மின்சாரம் இல்லாவிட்டால் செல்போன் வெறும் பெட்டிதான்! அப்போது குரல் கொடுத்தால் வருகிறவர் அடுத்த வீட்டுக்காரர்.

ஆகவே துபாய்க்குப் பேசுங்கள், சென்னைக்குப் பேசுங்கள், அடுத்த வீட்டையும் மறக்காதீர்கள். போன் இல்லாதவர் உங்கள் தெருவிலும் இருப்பார். உங்கள் போனை அவருக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். அவருடைய மகனின் குரலை அவர் கேட்கட்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டோடு இருக்கும் சிநேகிதர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பத்திரிகையைக் கீழே வையுங்கள். போனை எடுங்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லி முடிக்கும் வரை காத்திருங்கள்.