தோல் தொழிற்சாலைக் கழிவு ஜலத்தை நுண்கிருமிகளால் சுத்தி செய்தல்

பாலாற்றுப் பிரதேசத்தில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் வெகு காலமாக நடந்து வருகிறது. அதன் கழிவு ஜலத்தால் சுமார் 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் முழுமையாகவோ ஓரளவோ கெட்டுப்போயிற்று என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-ம் வருஷத்துத் தீர்ப்பில் எடுத்துக் கூறியுள்ளது. இப்பொழுது அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் ஜலத்தைப் பயிருக்குப் பாய்ச்சலாமா என்பதே குடியானவர்கள் அறிய வேண்டிய விஷயம்.

கழிவில் உள்ளவை: தோல் அழுகாதிருக்கப் போட்ட உப்பு, மயிர் நீக்கச் சேர்த்த சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், மயிர், கொழுப்பு, சதைத் துணுக்குகள், பதனிட உபயோகித்த குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பு. ஆவாரம்பட்டையால் பதனிட்ட நாளில் குரோமியத் தொல்லை இல்லை.

சுத்தி செய்யும் முறை: எருக்குழியில் இட்ட குப்பையை மக்கச் செய்வது கண்ணுக்குப் புலப்படாத நுண்கிருமிகளே. அவ்வேலையைத் தொட்டியில் விரைவாக நடத்துவதே இம்முறை. முதலில் காரப்பொருள் சேர்த்துக் குரோமியத்தில் பெரும்பகுதியை அடியில் படியச் செய்து பிரிக்கிறார்கள். சல்பைடையும் குறைத்து விடுகிறார்கள். இல்லாவிடில் கிருமிகள் மாளும். பின்பு தொட்டியில் இடைவிடாமல் காற்றைச் செலுத்துகிறார்கள். கிருமிகள் அழுகும் பொருள்களைத் தின்று பெருகித் திரள்கின்றன. அடுத்த தொட்டியில் அத்திரள் வண்டலாகப் படிய, தெளிந்த ஜலம் மேலே நிற்கும். வண்டலில் ஒரு பகுதியை மறுபடியும் முதல் தொட்டிக்கே அனுப்புவார்கள். இம்முறையை 1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்டனர்.

முறையின் எல்லை: நிற்க, நுண்கிருமிகள் அழுகும் பொருளைத் தின்னுமேயன்றி உப்பைத் தின்ன மாட்டா. தொட்டிக்குள் வந்த உப்பு அநேகமாக அப்படியே வெளியே போகும். குரோமியமும் அழிவதில்லை, வண்டலில் சேர்ந்து நிற்கும். ஆகவே நாற்றமின்றித் தெளிவாக இருப்பது ஒன்றைக் கொண்டு அந்த ஜலம் பயிருக்கு ஏற்றதென்று நம்பலாகாது. உப்பை நீக்கச் சவ்வு வழியே அழுத்தி வடிகட்டும் வேறு முறை வேண்டும்.

உப்பு மிகுந்தால் விதை சரிவர முளைக்காது. இலை நுனி கருகும். சோடியம் மிகுந்தால் மண் இறுகி ஜலம் இறங்காது. பாசன ஜலத்தின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 0.7 டெசிசைமனுக்குக் குறைவாயின் கவலையில்லை. 3-க்கு மேற்பட்டால் பெரும்பாலான பயிர்களுக்குக் கெடுதி.

செய்ய வேண்டியவை:

1. கிணற்று ஜலத்தைக் கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் பரிசோதிக்க வேண்டும். பம்பைச் சற்று நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே ஜலத்தால் மும்முறை கழுவி நிரப்பி, சர்வே நம்பரும் தேதியும் குறித்து, மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புக.

2. சுத்திகரிப்பு நிலையத்து வண்டலை இனாமாகக் கொடுத்தாலும் எருவாக வாங்கி இடாதீர்கள். நிலத்தில் சேர்ந்த குரோமியத்தைப் பின்னர் எடுப்பது அரிது.

3. சோடியத்தால் கெட்ட நிலத்துக்கு, மண் பரிசோதனையில் கண்ட அளவுப்படி ஜிப்சம் இட்டு, நல்ல ஜலம் தேக்கி வடிய விடுக. வடிகால் இல்லாவிடில் பயனில்லை. ஜிப்சம் குரோமியத்துக்கு மருந்தன்று.

4. வெள்ள காலத்தில் கழிவு ஜலத்தை ஆற்றிலோ ஓடையிலோ திறந்து விடுவதைக் கண்டால், கிராம உத்தியோகஸ்தர்கள் இடமும் நேரமும் குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தாமதித்தால் வெள்ளத்தோடு அத்தாட்சியும் போய்விடும்.

நிலம் ஒரு முறை உப்பேறினால் அதைத் திருத்தப் பல வருஷமும் மிகுந்த பணமும் செல்லும். ஆகையால் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த பின்னரே மடையைத் திறப்பது உத்தமம்.