உங்களுக்குத் தெரியுமா? ஒன்றுக்கு நோய், இரண்டுக்கும் வைத்தியம்

முயல் வளர்க்கும் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்கும் அழகைப் பார்த்தே நாள்கள் ஓடிவிடும். ஒன்று நோயில் படுத்தால் என்ன செய்வது, ஒன்று போய்விட்டால் மற்றதை எப்படித் தேற்றுவது என்று யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை. அந்த நாளுக்காகத்தான் இந்தத் துணுக்குகள். நோயானாலும் சாவானாலும் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். இத்தனை துணுக்குகளுக்குள்ளும் ஓடும் சரடு அதுதான்.

சேர்ந்து வாழ்வது

● நம்மூர்க் காட்டுமுயல் வேறு, வீட்டு முயல் வேறு. காட்டுமுயல் தனித்துத் திரியும். அதன் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டு முயலின் பூர்விகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். வளை தோண்டிக் கூட்டமாக வாழும் குழிமுயல் இனம் அது. குட்டி முடியில்லாமல், கண் மூடிப் பிறக்கும். துணை தேடுவது அதன் பிறவிக்குணம். (காட்டுமுயலைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.)

● துணை எவ்வளவு முக்கியம்? கனமான கதவைத் தள்ளித் திறந்தால்தான் வேண்டியது கிடைக்கும் என்று பெண் முயல்களை வைத்துச் சோதித்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. இன்னொரு முயலிடம் போய்ச் சேர அவை பட்ட பாடு, தீனிக்காகப் பட்ட பாட்டுக்கு ஏறக்குறைய சமமாக இருந்தது.

● பிரிட்டனில் ஒரு காப்பகத்து முயல்களை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். தனியாக இருந்த முயல்களில் சில கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தன. ஜோடியாக இருந்தவை கடிக்கவில்லை. தனி முயல்களின் உடல் வெப்பமும் குறைவாகவே இருந்தது. ஒட்டிப் படுக்கும் துணைதான் முயலுக்குக் குளிர்காலப் போர்வை.

● ஒரு முயல் தலையைத் தரையோடு தாழ்த்தி இன்னொன்றின் முகத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தால், ‘என்னை நக்கிவிடு’ என்று கேட்கிறது. நெற்றி, கண்ணோரம், காது என்று மற்றது நக்கிவிடும். தன் நாக்கு எட்டாத இடங்களில் முயலுக்குத் துணை கைகொடுக்கிறது.

● சென்னை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ கடையிலோ ‘ஜோடி’ என்று வாங்கி வந்தால், முதல் வேலையாக டாக்டரிடம் காட்டி ஆணா பெண்ணா என்று உறுதி செய்யுங்கள். முயலின் சினைக்காலம் 30 முதல் 32 நாள்கள்தான். ஆணுக்குக் கருத்தடை அறுவை முடிந்த பிறகும் சில வாரங்களுக்குக் கரு உண்டாக்கும் திறன் இருக்கும். அதுவரை கம்பிவலைக்கு இருபுறமும் வையுங்கள்.

● கருத்தடை குட்டிகளைத் தவிர்க்க மட்டுமல்ல. 4 வயதைத் தாண்டியும் கருத்தடை செய்யாத பெண் முயல்களில், சில இனங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் கருப்பைப் புற்றுநோய் பதிவாகியிருக்கிறது. இளவயதில் செய்த ஓர் அறுவை, ஜோடியின் ஆயுளைச் சேர்த்து நீட்டும்.

நோயைக் கண்டுபிடிப்பது

● முயல் வலியை வெளியே காட்டாது. சோர்ந்தது தெரிந்தால் நரியும் கழுகும் முதலில் அதைத்தான் தூக்கும் என்பதால், காட்டில் வாழ்ந்த முன்னோர்களிடமிருந்து வந்த பழக்கம் இது. நம் கண்ணுக்கு நோய் தெரியும்போது அது முற்றியிருக்கவும் கூடும்.

● ஒரே கூண்டில் இரண்டு இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. தட்டு காலியாகும், புழுக்கையும் கிடக்கும். சாப்பிட்டது எது, பட்டினி கிடந்தது எது என்று தெரியாது. தினமும் காலையிலும் மாலையிலும் ஆளுக்கொரு கொத்தமல்லித் தண்டை நேராக வாயருகே நீட்டுங்கள். வாங்க மறுப்பதுதான் உங்கள் நோயாளி. அரை நிமிட வேலை, உயிரைக் காக்கும்.

● வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் இரண்டையும் தனித்தனியே நிறுத்து, காலண்டரில் எழுதிவையுங்கள். அடர்ந்த முடிக்குள்ளே உடம்பு இளைப்பது கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும்.

● முயலின் முகத்தைப் பார்த்தே வலியை அளக்கும் முறை 2012-இல் வெளியானது. ஐந்து இடங்களைக் கவனிக்கச் சொல்கிறது: சுருங்கும் கண், ஒட்டிப்போன கன்னம், மூக்குத் துளையின் வடிவம், விறைத்த மீசை, பின்னால் ஒடுங்கிய காது.

● தடவிக்கொடுக்கும்போது மெதுவாக, விட்டுவிட்டுப் பல் உரசும் ஒலி வந்தால் அது சுகம். முதுகைக் கூனி உட்கார்ந்து, சத்தமாகப் பல்லை நறநறவென்று கடித்தால் அது வலி.

● முயல் 12 மணி நேரம் எதுவும் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரம். வலி, பயம், பல் நோவு, நார்ச்சத்துக் குறைவு என எது வந்தாலும் குடல் அசைவு மந்தமாகும். மந்தமானால் பசி போகும்; பசி போனால் குடல் இன்னும் மந்தமாகும். வாயு சேர்ந்து வலிக்கும், ஈரலில் கொழுப்பு படியும். துணை போன துக்கம்கூட இந்தச் சுழலைத் தொடக்கிவிடலாம். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

● முயலின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். நம் கைக்குச் சுடுவதுபோல் இருந்தால் காய்ச்சல் என்று அர்த்தமில்லை. சாப்பிடாத முயலின் காது சில்லிட்டிருப்பதுதான் பயப்பட வேண்டிய அடையாளம்.

● சிறுநீர் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ இருந்தால் ரத்தம் என்று பதறிவிடாதீர்கள். சில கீரைகளைத் தின்றாலே அந்த நிறம் வரும். ஆனால் முக்கி முக்கிச் சொட்டுச்சொட்டாகப் போனால், நிறம் எதுவானாலும் டாக்டரிடம் போங்கள்.

● மழைக்காலத்தில் தினம் இரண்டு முறை வாலடியைப் பாருங்கள். கழிச்சலோ சிறுநீரோ ஒட்டியிருக்கும் முடியில் ஈ முட்டையிட்டால், ஒரே நாளில் புழு வைத்துவிடும். நோயில் படுத்த முயலும் உடல் பருத்த முயலும் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ள முடியாதவை. ஆபத்து அவற்றுக்குத்தான் அதிகம்.

● காதுக்குள் பக்குப் பக்காகச் சொறி படிந்தால் அது சிற்றுண்ணியின் வேலை. பக்கைப் பிய்க்காதீர்கள், ரணமாகும். நன்றாக இருக்கும் மற்ற முயலுக்கும் சேர்த்தே மருந்து வாங்குங்கள். ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் செய்தால், மற்றதிடமிருந்து திரும்ப வரும்.

● திடீரென்று தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் ‘இனி அவ்வளவுதான்’ என்று கைவிட வேண்டாம். நரம்பைத் தாக்கும் ஒரு நுண்ணுயிரியோ உள்காதுச் சீழோ காரணமாக இருக்கலாம். தொடர் வைத்தியத்தில் பல முயல்கள் தேறுகின்றன; தலை சற்றுச் சாய்ந்தபடியே நிம்மதியாக வாழ்கிறவையும் உண்டு. அப்படிப்பட்ட முயலுக்குத் துணை ஊன்றுகோலாகிறது. சாய்ந்த பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து தாங்கிக்கொள்ளும்.

பணிவிடை

● டாக்டரிடம் போகும்போது இரண்டையும் ஒரே கூடையில் கொண்டுபோங்கள். பக்கத்தில் துணை இருந்தால் நோயாளியின் பயம் குறையும். இன்னொரு காரணமும் உண்டு. முயல்களுக்கு ஒன்றையொன்று அடையாளம் காட்டுவது மணம். மருந்து நெடியும் நாய், பூனை வாடையும் ஏறித் தனியே திரும்பும் முயலை, வீட்டில் இருந்தது அந்நியம் என்று நினைத்துக் கடிக்கக்கூடும். பல வருட உறவு ஒரே ராத்திரியில் முறிந்த வீடுகள் உண்டு. சேர்ந்து போனால் மணமும் சேர்ந்தே மாறும்.

● பிரித்துத்தான் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், நடுவில் கம்பிவலை போட்டு அருகருகே வையுங்கள். அடியில் விரித்த துணிகளைத் தினமும் மாற்றி மாற்றிப் போடுங்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் துணை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

● நாய், பூனைக்கு அறுவைக்கு முன் பட்டினி போடுவார்கள், முயலுக்குக் கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், மயக்கத்தில் வாந்தி எடுத்துவிடுமோ என்ற பயமில்லை. பட்டினிதான் குடலைக் கெடுக்கும். அறுவைக்குப் போகும்போது அது விரும்பித் தின்னும் கீரையையும் பையில் எடுத்துப்போங்கள்.

● வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினை வாயில் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகளும் கிளிண்டாமைசினும் வாய்வழியே போனால், குடலின் நல்ல பாக்டீரியாக்களை அழித்து உயிரையே எடுக்கும். நாய்க்கு உண்ணி போகப் போடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு விஷம்.

● சாப்பிட மறுக்கும் முயலுக்கு, வயிறு உப்பவில்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகே ஊட்ட வேண்டும். பெல்லட் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும். துணையைப் பக்கத்திலேயே விட்டு, அதற்கும் ஒரு வாய் கீரை கொடுங்கள். அது மெல்லும் சத்தம் இதற்கும் பசியைக் கிளப்பலாம்.

● முயலின் எலும்புக்கூடு மொத்த எடையில் 7, 8 விழுக்காடுதான். பூனைக்கு 12, 13 விழுக்காடு. பிடியில் துள்ளும்போது முதுகெலும்பு முறிந்துவிடலாம். மருந்து கொடுக்கத் தூக்கினால் ஒரு கை நெஞ்சின் கீழ், ஒரு கை பிட்டத்தின் கீழ் இருக்கட்டும். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

● முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது; காதின் ரத்தக்குழாய் வழியேதான் சூட்டைத் தணிக்கும். நம் சித்திரை வெயில் நோயுள்ள முயலைச் சாய்த்துவிடும். நிழலில் மண்பானையைப் படுக்கவைத்துக் கொடுங்கள். கூண்டின் மேல் ஈரச்சாக்கு போடுங்கள். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் இரண்டும் அதில் சாய்ந்து படுக்கும்.

பிரிவு

● வீட்டு முயலின் ஆயுள் பொதுவாக 8 முதல் 12 வருடம். பதிவானவற்றில் மிக அதிகம், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 1964-இல் பிடிபட்ட ஃப்ளாப்சி என்ற முயல். 18 வருடம் 10 மாதத்துக்கு மேல் வாழ்ந்தது. எத்தனை வருடமானாலும் இரண்டும் ஒரே நாளில் போவது அபூர்வம். ஒன்று தனித்து நிற்கும் நாள் ஏறக்குறைய எல்லா ஜோடிக்கும் வரும்.

● செத்துப்போன முயலை உடனே எடுத்துப்போய்ப் புதைத்துவிடாதீர்கள். வழக்கமாகப் படுக்கும் இடத்தில் ஒரு துணி விரித்துக் கிடத்தி, மற்றதை அருகே விடுங்கள். முயல் வைத்தியர்களும் காப்பகம் நடத்துகிறவர்களும் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரை இது. சில முயல்கள் முகர்ந்து பார்க்கும். சில நக்கும், முகத்தால் முட்டி எழுப்பப் பார்க்கும், முடியைப் பிடித்து இழுக்கும். சில ஒட்டிப் படுத்துக்கொள்ளும். சில திரும்பியும் பார்க்காது. எதுவும் தவறில்லை. தானாக விலகிப்போகும்வரை விட்டுவிடுங்கள். சிலவற்றுக்கு அரைமணி போதும், சிலவற்றுக்குப் பல மணி நேரம் ஆகும். பார்க்க விடாமல் எடுத்துப்போனால், அது மூலை மூலையாகத் தேடிக்கொண்டே இருக்கக்கூடும்.

● தொற்றுநோயால் போனது என்றால், மற்றதை அருகே விடலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1984-இல் சீனாவில் முதன்முதலாகக் கண்டறிந்த முயல் ரத்தக்கசிவு நோய் வெகுவேகமாகப் பரவும். ஆனால் மனிதருக்கோ நாய், பூனைக்கோ வராது. ஒரே கூண்டில் இருந்த துணையை உடனே காட்ட வேண்டியது அவசியம்.

● தனித்துப்போன முயல் மூலையில் முகம் திருப்பி உட்காரலாம். துணை படுத்த இடத்தையே சுற்றலாம். விளையாட்டை விட்டுவிடலாம், எரிச்சல்படலாம். இந்தத் துக்கம் நாள்கணக்கிலும் நீளும், வாரக்கணக்கிலும் நீளும். மேலே சொன்ன 12 மணி நேரக் கணக்கு இப்போதுதான் மிக முக்கியம். துக்கத்தில் சாப்பிடவில்லை என்று விட்டுவிட்டால், குடல் நின்று இதையும் இழப்போம். கொத்தமல்லித் தண்டை நீட்டுவதை ஒரு வேளைகூட விடாதீர்கள்.

● தொற்று இல்லையென்றால், துணை படுத்திருந்த துணியை உடனே துவைக்க வேண்டாம். மணம் மெல்ல மெல்லக் கரையட்டும். கூண்டை இடம் மாற்றுவதும் தீனி நேரத்தை மாற்றுவதும் இப்போது வேண்டாம். ஒரு துணிப்பொம்மையை வைத்துப் பாருங்கள். அதன் மேல் தலை சாய்த்துத் தூங்கும் முயல்கள் உண்டு.

● குழந்தைகளிடம் ‘ஊருக்குப் போயிருக்கு’ என்று சொல்லாதீர்கள். அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். செத்துப்போய்விட்டது, இனி வலிக்காது, திரும்பி வராது என்று உள்ளதைச் சொல்லுங்கள். புதைக்கும்போது பக்கத்தில் நிற்க ஆசைப்பட்டால் நிற்கட்டும். பார்த்துப் புரிந்துகொள்ளும் உரிமையை முயலுக்குக் கொடுத்தோம், பிள்ளைக்கும் கொடுப்போம்.

● ‘ஒரு முயலுக்கா இவ்வளவு அழுகை?’ என்று யாராவது கேட்பார்கள். தினம் இரண்டு வேளை கீரை நறுக்கி, நடுராத்திரி மருந்து ஊட்டிய கைக்குத்தான் அந்த இழப்பின் கனம் தெரியும். அழுங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

● புதுத் துணையை அவசரமாகக் கொண்டுவர வேண்டாம். மீதமுள்ளது நன்றாகச் சாப்பிடத் தொடங்கட்டும். வருவதை இரண்டு வாரம் தனியே வைத்து, டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டும் முன்பு போகாத அறையில் முதல் சந்திப்பு நடக்கட்டும். கருத்தடை செய்த ஆணும் பெண்ணும் எளிதில் சேரும். சில நாளிலும் ஆகும், பல வாரமும் ஆகும். புதிதாக வருவது போனதற்கு ஈடாக வேண்டியதில்லை. தன்னளவில் ஒரு துணையாக இருந்தால் போதும்.

● அதுவரை? தினமும் கொஞ்ச நேரம் தரையில், அதன் உயரத்துக்கு உட்காருங்கள். கூப்பிட வேண்டாம், தூக்க வேண்டாம். ஒருநாள் அது வந்து தலையைத் தரையோடு தாழ்த்தி உங்கள் கைக்குக் கீழே வைக்கும். இத்தனை நாள் துணையிடம் கேட்டதை இப்போது உங்களிடம் கேட்கிறது. நெற்றியிலிருந்து காதுவரை மெதுவாகத் தடவிக்கொடுங்கள்.