படகின் மேல் தேங்கும் மழைநீர்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர் உப்பனாற்றங்கரையில் படகுகள் நீலப் போர்வை போர்த்திக்கொண்டு நிற்பதைக் காணலாம். என் தாத்தா காலத்துக் கட்டுமரத்துக்கு இந்தக் கவலை கிடையாது. பெய்த மழை மரங்களின் இடுக்கு வழியே ஒழுகிப் போய்விடும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின்னர் எங்கள் கரைகளில் ஃபைபர் படகுகள் பெருகின. இவை குழிந்த பாத்திரம் போன்றவை. பெய்வதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் தார்ப்பாய் போடுகிறோம். ஆனால் அந்தப் பாயே இன்னொரு பாத்திரமாகிவிடுகிறதே, அதைப் பற்றியே இக்கட்டுரை.

மழையை மில்லிமீட்டரில் அளப்பதில் ஒரு வசதி உண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். அதன் எடை ஒரு கிலோ. 9 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள ஒரு படகுப் பாயின் பரப்பு 18 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,800 லிட்டர் நீர் அதன் மேல் விழுகிறது. ஏறக்குறைய இரண்டு டன்! 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது அண்டையிலுள்ள புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம்.

விழுவதெல்லாம் தங்கிவிடுவதில்லை என்பது உண்மையே. ஆனால் பாயில் உள்ளங்கை அளவு பள்ளம் இருந்தால் போதும். அங்கே நிற்கும் நீர் தன் எடையால் பள்ளத்தை ஆழமாக்கும். ஆழமான பள்ளத்துக்குச் சுற்றியுள்ள நீரும் வந்து சேரும். விடிவதற்குள் பாய் தொட்டியாகிவிடும்.

இதைக் கண்டதும் எங்கள் சித்தப்பா சொல்வது ஒன்றே: "இன்னும் இழுத்துக் கட்டுடா!" கரையில் பெரும்பாலோர் செய்வதும் அதுதான். இது பயன்படாது என்பதற்கு வகுப்பில் படித்த விசைகளின் பகுப்பே சான்று. 2 மீட்டர் இடைவெளியில் கட்டிய கயிற்றின் நடுவே 20 கிலோ எடையைத் தொங்கவிடுவோம். கயிறு 10 சென்டிமீட்டர் தொய்ந்தால் அதன் இழுவிசை 100 கிலோ எடைக்குச் சமம். தொய்வு 1 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டுமானால் 1,000 கிலோ! தொய்வே கூடாது என்றால் எந்தக் கயிறும் தாங்காது. பாய்க்கும் இதே விதிதான். தட்டையாக இழுத்துக் கட்டிய பாய் ஒன்று தொய்யும், அல்லது கயிறு கோத்திருக்கும் துளையோரம் கிழியும்.

ஆற்றில் மிதக்கும் படகுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பாயில் நிற்கும் நீர் படகின் உயரத்தில் நிற்கிறது. ஈர்ப்பு மையம் மேலேறுகிறது. அலையில் படகு சற்றே சாய்ந்தால் நீரும் அந்தப் பக்கமே ஓடி, சாய்வை மேலும் கூட்டும். பாய் கிழிந்தாலோ அத்தனையும் ஒரே கணத்தில் உள்ளே கொட்டும்.

ஆகவே வேண்டுவது இறுக்கம் அன்று, சரிவு. ஓலைக் கூரை போட்ட எவருக்கும் இது தெரியும். படகுக்கு வரும்போது மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம். இரண்டு மூன்று கவைக்கம்புகளை நிறுத்தி, அவற்றின் மேல் நீளவாக்கில் ஒரு மூங்கிலை முகடாக வைத்துப் பாயைப் போர்த்த வேண்டும். படகின் பாதி அகலம் 1 மீட்டர் என்றால் முகடு விளிம்பைவிட அரை மீட்டராவது உயர்ந்திருப்பது நல்லது. மிக உயர்த்தினால் காற்று பிடிக்கும். மூங்கிலின் கணுக்கள் பாயைக் கிழிக்காதபடி பழைய வலையைச் சுற்றிவிடலாம். முகட்டிலிருந்து இரு விளிம்புகளுக்கும் முழத்துக்கு ஒரு கயிறு கட்டிவிட்டால், கூரைக்குக் கைமரம் போல அவை பாயைத் தாங்கும். இடையில் பள்ளம் விழாது. பாயின் ஓரம் படகின் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்க வேண்டும். உள்ளே மடித்துக் கட்டினால் வடியும் நீர் படகுக்குள்தான் போகும்.

நைலான் கயிறு நனைந்தால் நெகிழும். மாலையில் இறுக்கிய கட்டு காலையில் தளர்ந்திருப்பது அதனால்தான். சிலர் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் புட்டிகளைப் பாயின் ஓரங்களில் வரிசையாகத் தொங்கவிடுகிறார்கள். பாய் எவ்வளவு நெகிழ்ந்தாலும் புட்டி சற்றுக் கீழிறங்கி அதே இழுவையைக் கொடுத்துக்கொண்டிருக்கும். நான் பார்த்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த உபாயம் இது. புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் புட்டிகளை நம்பலாகாது. பாயையும் மூங்கிலையும் கழற்றி வைத்துவிடுவதே மேல்.

கூடாரத்தின் இரு முனைகளையும் சிறிது திறந்து வைத்தால் காற்று புகுந்து உள்ளே ஈரம் உலரும்; மோட்டார் துருப்பிடிப்பது குறையும். நீர் தேங்காத பாயில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் இடமில்லை. முட்டை கொசுவாக அதற்கு ஒரு வாரம் பத்து நாள் நின்ற நீர் வேண்டும். கரையேற்றிய படகானால், முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்து, பின்பக்கத்து வடிதுளையின் அடைப்பானைக் கழற்றி மோட்டார் பெட்டிக்குள் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.